கெத்தி பெயரில் நிற்கும் கல்

ஆற்றின் மேற்குக் கரைக் கல்லறையில் உறங்கும் என் கணவர், அரசக் களஞ்சியத்தின் கண்காணிப்பாளர் செனெபிக்கு மனைவி மெரெரித் எழுதிக்கொள்வது. இறந்தவர்களைக் காக்கும் மேற்கின் தேவி உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளா? இங்கே நலமில்லை.

இந்தக் கிண்ணத்தின் உட்புறத்தில் என் சொல்லை எழுதித் தருபவர் சிற்பி இபு. மை காய்ந்ததும் இதில் ரொட்டி வைத்து உங்கள் கல்லறை வாசலில் விடுவேன். சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

நம் மகள் நுபெத்துக்குப் பதினோரு நாளாகக் காய்ச்சல். கண்ணே திறக்கவில்லை. தைலம் தடவி, தாயத்துக் கட்டிப் பார்த்த வைத்தியர் கடைசியில் கையை விரித்துவிட்டார். "செத்தவங்க யாருக்கோ உங்க மேல கோவம்மா. அவங்களையே கேளு" என்று சொல்லிவிட்டுப் போனார். யாருக்குக் கோபம் என்று எனக்குத் தெரியாதா?

சொல்லிவிடுகிறேன். கோயில் முற்றத்தில் இருந்த உங்கள் கருங்கல் சிலையை, உங்கள் பதவிக்கு வந்த கெத்திக்கு ஐந்து மாதம் முன்பு கொடுத்துவிட்டேன். பதவியோடு வந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்; சிலையைத் தந்தால் இருக்கலாம் என்றார். பிள்ளையை இழுத்துக்கொண்டு எந்தத் தெருவில் நிற்பேன்? முகத்தை மாற்ற வேண்டாமா என்று இபுவைக் கேட்டேன். "எதுக்கும்மா? பெரிய அதிகாரிங்க எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான் செதுக்கறோம். பேரை மாத்தினா ஆளே மாறிடுவாரு" என்று சிரித்தார். அரை நாள் வேலை. இப்போது இதை எழுதும்போது அவர் தலை நிமிரவில்லை.

நேற்று அந்தச் சிலையின் முன் நின்று உங்கள் பெயரைச் சொல்லி அழுதேன். பூசாரி ஓடி வந்தார். "யாரைக் கூப்பிடறே? இது கெத்தி ஐயா. நீ சொல்ற ஆளு இங்க யாரும் இல்லியே" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெயர் உள்ள கல்லில்தானே நீங்கள் வந்து அமர முடியும்? கல்லறைச் சுவரில் பெயர் வெட்டுவதற்குள் போய்விட்டீர்கள். வேறெந்தக் கல்லிலும் உங்கள் பெயர் இல்லை. ஐந்து மாதமாக உங்களுக்கென்று ஊற்றிய தண்ணீரை யார் குடித்தார்கள்?

பாவி நான், இந்தக் காய்ச்சல் உங்கள் கோபமாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கோபம் என்றால் எங்கோ இருக்கிறீர்கள். கெஞ்சினால் கேட்பீர்கள், பிள்ளையை விடுவீர்கள். என் கண்ணைப் பறியுங்கள், என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு வார்த்தை பேச மாட்டேன். இல்லாமல் மட்டும் போய்விடாதீர்கள்.

உங்கள் மெரெரித்