நாக்கு ஒட்டிய குழாய்

கண்ணமங்கலத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பேத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தாள். கடைக்காரன் குழாய் போட்டுத்தான் கொடுத்தான். நான் குடிக்கவில்லை. குழாயை வெளியே எடுத்து, அடி முனையை விரலால் அடைத்துக்கொண்டு, மேல் முனையில் ஒரு தரம் உறிஞ்சி நாக்கை வைத்தேன். நாக்கு ஒட்டியது. அந்த நொடியே தொண்டைக்குள் பெட்ரோலும் ஆயிலும் கலந்த ருசி ஏறி வந்துவிட்டது. த்தூ என்று தள்ளித் துப்பினேன்.

"இன்னா ஆயா பண்ற? எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

நான் என்னவென்று சொல்ல? உங்கள் வேலை அது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் உங்கள் குழாய் என் வாயை விட்டுப் போகவில்லை. நீங்கள் இருந்தவரை நமக்குள் கடுதாசிக்கு வேலை வந்ததில்லை. ஒரே வீட்டில் இருந்து ஒரே அடுப்பில் சாப்பிட்டோம். இப்போது எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, அப்படித்தான் இருக்கும். புருஷன்தானே, படித்துக்கொள்ளுங்கள்.

மலை மேல் கூப்பு நடந்த காலம். கான்ட்ராக்டர் ஆட்கள் காட்டில் மரம் வெட்டுவார்கள், அவர்களுடைய மிஷின் ரம்பம் கெட்டால் ஜீப்பில் போட்டு நம் ரிப்பேர் கொட்டகைக்கு அனுப்புவார்கள். இஞ்சினில் காற்று ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் உங்களுக்குப் பெரிய வேலை. புகை போகிற துளையையும் பெட்ரோல் போகிற துளையையும் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கி அடைப்பீர்கள். ஒரு ரப்பர் குழாயை மட்டும் உள்ளே விடுவீர்கள். நான் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று அடிப்பேன். நீங்கள் இஞ்சினைச் சோப்புத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பிடிப்பீர்கள். ஒழுகினால் அங்கிருந்து குமிழி கிளம்பும். அதுவரைக்கும் எனக்குப் பிடித்த வேலைதான். சுத்தமாக இருக்கும்.

அதற்கப்புறம் வருவதுதான் சீ. பம்பைக் கழற்றிவிட்டு அதே குழாயை வாயில் வைத்து, உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சி, முனையில் நாக்கை ஒட்டிக்கொண்டு உட்காருவீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் குழிந்து, எச்சில் தாடி வழியாக வழிய. நம் பக்கத்தில் சொம்புத் தண்ணீரையே உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறோம். நீங்கள் ஊரான் புகையைச் சப்புகிறீர்கள். உங்கள் டம்ளரை நான் தனியாகத்தான் வைத்திருந்தேன். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்காமல் உங்களுக்குச் சோறு போட்டதில்லை. மற்ற பெண்டுகள் புருஷன் சாப்பிட்ட இலையிலேயே சாப்பிடுவார்கள். நான் ஒரு நாளும் உட்கார்ந்தது கிடையாது. உங்கள் அம்மா அதற்கு என்னைத் திட்டாத திட்டு இல்லை.

"ஊதிப் பாத்தாச்சே, அப்பறம் எதுக்கு அந்தக் கண்றாவி?" என்று கேட்டேன்.

"ஏமே, சுத்தற தண்டச் சுத்தி ரப்பர் சீலு இருக்குதில்ல, ஊதுனா அதோட உதடு தண்டு மேல அழுந்திக்கும். நல்ல புள்ள மாதிரி இருக்கும். உறிஞ்சனா உதடு தூக்கிக்கும். அப்பதான் அதோட வண்டவாளம் தெரியும். நாக்கு ஒட்டுனா நல்ல மிஷின். வுட்டுச்சின்னா கெட்ட மிஷின்."

கெட்ட மிஷின் என்றால் என்னவென்று ஒரு ரம்பம் வந்து சொன்னது. கீழே டவுனில் யாரோ ஊதி மட்டும் பார்த்து அனுப்பியது. ஊதும்போது தெரியாத ஓட்டை வழியாக இஞ்சின் காற்றைக் கூடுதலாக இழுத்திருக்கிறது. வெட்டுகிறவன் விசையிலிருந்து விரலை எடுத்த பிறகும் வேகம் குறையவில்லை, சங்கிலி நிற்கவில்லை. மரம் அறுத்து முடித்துத் திரும்பியவனுடைய முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. கூப்பு மேஸ்திரி அவனைச் சாக்கில் சுற்றிக் கீழே அனுப்பிவிட்டு, ரம்பத்தை நம்மிடம் அனுப்பினான். கழுவக்கூட இல்லை. சங்கிலிப் பல்லில் வேட்டி நூலும் தோலும் காய்ந்து ஒட்டியிருந்தன. ஈ மொய்த்தது. "சீக்கிரம் பாத்து அனுப்பு, வேல நிக்குது" என்று சொல்லி அனுப்பியிருந்தான். நீங்கள் மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தீர்கள். ஊதிப் பார்த்தோம், ஒரு குமிழி இல்லை. உறிஞ்சினீர்கள், நாக்கு விட்டுவிட்டது. அன்றைக்கு நான் இரண்டு வாந்தி எடுத்தேன். ஒன்று அந்தத் தோலுக்கு, ஒன்று அந்த மேஸ்திரிக்கு.

அந்தக் கூப்பிலேயே என் தம்பி வெட்டுகிறவனாகச் சேர்ந்தான். மலையில் எங்கள் தாய்வீட்டு ஊரான நெல்லிவாசலில் சாமையும் புளியும் போதாது என்று வந்தான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

அவனுக்குக் கொடுக்க வேண்டிய ரம்பம் நம்மிடம் வந்தது. நீங்கள் அப்போதுதான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தீர்கள். தாடை பூசணிக்காய் மாதிரி. வாய்க்குள் பஞ்சு. மேஸ்திரியும் தம்பியும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். நான் பம்பு அடித்தேன், நீங்கள் முக்கிப் பார்த்தீர்கள். குமிழி வரவில்லை.

"அவ்ளோதான் மெக்கானிக்கே. ஏத்து" என்றான் மேஸ்திரி.

நீங்கள் தலையை ஆட்டிக் குழாயைக் காட்டினீர்கள். வாயைக் காட்டினீர்கள். பிறகு குழாயை அவனிடமே நீட்டினீர்கள்.

மேஸ்திரி பாம்பைக் கண்டவன் மாதிரி பின்னால் போனான். "இன்னாய்யா, உன் எச்சிலயா? நா இன்னா கொலங்கெட்டவனா?"

தம்பி பக்கம் நீட்டினீர்கள்.

"மாமா எச்சிலா! த்தூ. நா மாட்டேன் யக்கா. ஊதனது போதும், குடு போலாம்."

அவன் கால் எனக்குத் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே, சின்ன வயதில் நான் முள் எடுத்துவிட்ட கால். எச்சிலுக்குக் குமட்டுகிறதாம் இவர்களுக்கு. ஆள் காலை அறுத்த மிஷினை இந்த மேஸ்திரி ஈ மொய்க்க அனுப்பினானே, அப்போது குமட்டவில்லையா? எனக்கு வந்த ஆத்திரத்தில் குழாயை உங்கள் கையிலிருந்து பிடுங்கினேன்.

அதன் ருசியை எழுத எனக்குப் படிப்பு போதாது. கரி, பழைய ஆயில், உங்கள் பீடி, ரப்பர், எல்லாவற்றுக்கும் அடியில் புளித்த வாய். உறிஞ்சினேன். நாக்கை வைத்தேன். அட்டை கடித்த மாதிரி பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டேன், உங்களைப் போலவே. கொஞ்ச நேரம்தான். பிடி தளர்ந்தது, நாக்கு கழன்று வந்துவிட்டது. புளியமரத்துப் பின்னால் ஓடி வயிற்றில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் உறிஞ்சினேன். மறுபடியும் கழன்றது.

"புடி நிக்கல" என்றேன்.

"பொம்பள நாக்க நம்பி நா கூப்ப மூடணுமா?" மேஸ்திரி சிரித்தான். "டேய், அடச்சதயெல்லாம் பிரிச்சி மாட்டி எடுத்துக்கினு வாடா. நீ வெட்டுனா வெட்டு, இல்லன்னா மலைக்குப் போயி சாம அறு."

தம்பி குனிந்தான். அவன் கை கைப்பிடிக்குப் போவதற்குள் நான் துப்பினேன். வாயில் இருந்த அத்தனையும், கரியும் ஆயிலும் வாந்தி மிச்சமும், கைப்பிடி மேல், விசை மேல், பெட்ரோல் மூடி மேல். எங்கெங்கே கை படுமோ அங்கெல்லாம் சுற்றிச் சுற்றித் துப்பினேன்.

"எடுடா பாக்கலாம்" என்றேன்.

தம்பி கையை உதறிக்கொண்டு நின்றான். "சீ யக்கா! நீயி இன்னா மனுஷியா?" மேஸ்திரி தன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினான். போகிற வரைக்கும் என் குலத்தையே திட்டினான். ரம்பத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அந்த ஜீப் வெறுமையாகத்தான் மலை ஏறியது.

நீங்கள் சிரித்தீர்கள். வீங்கிய தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்துப் பஞ்சு கீழே விழுந்து, வாயில் ரத்தம் வந்தது. வலியோடு நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்று: "ஏமே, இனிமே ஒனக்கும் தனி டம்ளரு." எனக்குச் சிரிப்பு வரவில்லை. இஞ்சினைப் பிரித்து அந்த ரப்பர் சீலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தீர்கள். அதன் உதடு காய்ந்து, ஒரு பக்கம் நகம் போல வெடித்திருந்தது. புதுச் சீல் போட்டு, அதையும் உறிஞ்சிப் பார்த்துத்தான் அனுப்பினோம். அந்த ரம்பத்தைத்தான் கூப்பு முடிகிற வரைக்கும் தம்பி பிடித்தான். என்னோடு மட்டும் ரொம்ப நாள் பேசவில்லை. நம் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான்.

உங்கள் சாவுக்கு அவன் வந்தான். பஸ் இல்லை. கிழவன், அவ்வளவு தூரம் காட்டு வழியில் நடந்து வந்தான், இரண்டு காலாலும். வாய்க்கரிசி போடும்போது உங்கள் வாய் இறுகியிருந்தது, அரிசி நழுவி நழுவிக் கீழே விழுந்தது. மற்றவர்கள் மேலே தூவிவிட்டு நகர்ந்தார்கள். அவன் மட்டும் குனிந்து உங்கள் உதட்டை விரலால் பிரித்து அரிசியை உள்ளே வைத்தான். அந்த விரலை அவன் வேட்டியில் துடைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மனசு இளகி எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் குழாயை உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அடுப்பில் போட்டேன். அப்போதும் நாறியது. எதையும் ஊதிப் பார்த்துவிட்டு நல்லது என்று அனுப்புகிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு அதே குமட்டல்தான். அது போகாது, போகவும் வேண்டாம்.

பேத்தி என் கையிலிருந்த குழாயைப் பிடுங்கப் பார்த்தாள். "எச்ச பண்ணிட்ட ஆயா. வேற குழா வாங்கியாரட்டா?"

"வேணாம்மா" என்றேன். "இது நிக்குது."