இரண்டு பெரியது, மூன்று சிறியது

மேலே இருப்பவரின் உதவியோடு,
சஃபேத், கிஸ்லேவ் மாதம், வியாழக்கிழமை.

என் கணவர் யெரூஹாம் அவர்களுக்கு, ஹிண்டா எழுதுவது. நானும் பிள்ளைகள் மூவரும் காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறோம். நீங்களும் நலம் என்று உங்கள் கையெழுத்தில் படிக்க ஏங்குகிறேன். துருக்கிப் பட்டாளம் பாலைவனத்தில் ரயில் பாதை போடும் பக்கமாகக் கழுதைக்காரர் அபு நயீம் போகிறார். உங்களைத் தேடிப் பிடித்துக் கையில் கொடுப்பதாகச் சொன்னார்.

மேல் தெருவில் ஏழு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பாதிப் பேர் காய்ச்சலில் போனார்கள், மீதிப் பேர் டமாஸ்கஸ் போனார்கள். விளக்குத் திருநாளுக்கு எண்ணெய் கிடைக்காது என்கிறார்கள். நம் பையன் பினே, இரண்டு பல் விழுந்து, உங்கள் அப்பா மாதிரியே சிரிக்கிறான்.

பாதை வேலைக்கென்று பட்டாளத்தார் உங்களைப் பிடித்துக்கொண்டு போவதற்கு முதல் நாள் நான் பேசியது நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. இருந்த வாற்கோதுமையில் பாதியை அள்ளி எதிர்வீட்டு விதவை தோபாவுக்குக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். "உங்க நம்பிக்கைய வேகவெச்சுப் பிள்ளைங்களுக்குப் போடட்டுமா?" என்று கத்தினேன். "இன்னைக்குக் குடுத்தவரு நாளைக்கு எங்கயும் ஓடிட மாட்டாரு ஹிண்டா" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது.

நீங்கள் போன பதினோராம் நாள் பானை காலியானது. பிள்ளைகளை வெந்நீர் குடிக்க வைத்துப் படுக்கப் போட்டேன். மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால் வாசல் கல்லில் சுடச்சுட ரொட்டி. இரண்டு பெரியது, மூன்று சிறியது. நம் தெருவில் அன்று ஒரு அடுப்பும் எரியவில்லை. பசியில் எலும்பாய்ப் போன பூனைகள் ஒன்பது பத்து, ரொட்டியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட வாய் வைக்கவில்லை.

யாரோ புண்ணியவான் என்று நினைத்தேன். ஆனால் தினமும் வந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு மடங்கு வந்தது. மறுநாள், ஓய்வுநாளில், வாசல் வெறுமையாக இருந்தது. பாலைவனத்தில் நம் முன்னோருக்கு வானத்திலிருந்து விழுந்த அப்பமும் இதே கணக்கில்தான் வந்தது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

எனக்கொன்று, பிள்ளைகளுக்கு மூன்று. மீதியிருந்த பெரியது உங்களுடையது என்று எனக்குப் புரிந்தது. நீங்கள் இருந்தால் யாருக்குக் கொடுப்பீர்களோ அவளுக்கே கொடுத்தேன். தோபா வாங்கிக்கொண்டே, "எந்தக் கை வெச்சிட்டுப் போவுதுன்னே தெரியாம வாயில போடுறியே, பயமா இல்லையாடி உனக்கு?" என்பாள். "பயமா இருந்தா குடு, நானே தின்னுக்கிறேன்" என்பேன். அவள் அதற்குள் பாதியை மென்றிருப்பாள்.

பயம் இருந்தது. ஒரு விடியலில் கதவுக்குப் பின்னால், தாழ்ப்பாளில் கை வைத்து நின்றேன். பனி கொட்டியிருந்தது. காலடிச் சத்தமே இல்லை. திடீரென்று கதவிடுக்கு வழியாக ரொட்டி வாசனை வந்தது. "யாரது?" என்றேன். வெளியே யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள், பதில் சொல்ல வாயெடுப்பவர்கள் இழுப்பதுபோல. நான் தாழ்ப்பாளை விட்டுவிட்டேன். கொடுக்கிறவரை வாசலில் நிறுத்திக் கணக்குக் கேட்க வேண்டாம் என்று நீங்கள் சொல்வீர்களே, அதற்காக அல்ல. அந்தப் பதில் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. பிறகு திறந்தபோது பனியில் பூனைத் தடங்கள் மட்டுமே இருந்தன.

இனி எழுதுவதைப் படித்துப் பதற வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை காலை நான்கு ரொட்டிதான் இருந்தது. ஒன்று பெரியது, மூன்று சிறியது. கல்லின் அடியில், பனிக்குள், பூனைகளின் நடுவில் எல்லாம் தேடினேன். ஷிஃப்ரா என் பின்னால் வந்து நின்று பார்த்தாள். உங்கள் மூத்த மகளுக்கு ஒன்பது வயதுதான், ஆனால் எண்ணத் தெரிந்தவள். ரொட்டிகளைத் துணியால் மூடி உள்ளே எடுத்துப் போனாள்.

என் ரொட்டியைப் பிய்த்துப் பாதியைத் தோபாவிடம் கொண்டுபோனேன். "அவரோடதுதான், இந்தா" என்றேன். அவள் பிய்ந்த ஓரத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவேயில்லை. நான் உதறிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்றும் நான்கு. அபு நயீமிடம் இதைச் சொல்லவில்லை. துக்கம் காப்பவளைப்போல நான் உடுப்பைக் கிழித்துக்கொள்ளவில்லை, தரையில் உட்காரவும் இல்லை. ரொட்டி தருகிறார் என்று மேலே இருப்பவரை நம்பினேன், சரி. அதற்காக அவர் ரொட்டியில் சொல்வதை எல்லாம் நான் கேட்டுக்கொள்ள வேண்டுமா? நம்புகிறவள் மறுத்துப் பேசக் கூடாதா?

இன்று விடியலில் மறுபடி கதவுக்குப் பின்னால் நின்றேன். வாசனை வந்ததும், "இந்த வீட்ல அஞ்சு பேரு. சரியா எண்ணிக் குடுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். வெளியே அதே மூச்சு. இந்த முறை அது உள்ளே போய், நெடுநேரம் வெளியே வரவேயில்லை. நான் திறக்கும்போது நான்குதான் இருந்தது. நான்கையும் ஐந்து பங்காகப் பிய்த்தேன். உங்கள் பங்குக்குப் பிள்ளைகளும் தங்கள் பங்கில் கிள்ளிக் கொடுத்தார்கள், சின்னவள் ட்ரெசல்கூட. நாளையும் அப்படித்தான் செய்வோம்.

ஒரே ஒரு வரி எழுதுங்கள். கை முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரை எழுதச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் இந்தக் காகிதத்தின் பின்புறம் உங்கள் விரலை அழுத்தி அபு நயீமிடம் கொடுத்தனுப்புங்கள், எனக்கு அடையாளம் தெரியும். பாலைவனத்தில் நம் முன்னோருக்கு ஊட்டியவர் அதே மண்ணில் உங்களையும் காப்பாராக. ஆமென் சொல்லுங்கள், யெரூஹாம். எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.

உங்கள் மனைவி,
ஹிண்டா