கொழும்புப் பாங்கு

இன்றைக்கும் பிந்தித்தான் சொன்னது மதினி. பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு முடிந்து, மோதினார் மைக்கை அணைத்து, ஆட்கள் கைகால் கழுவி ஒழுச் செய்யப் போன பிறகுதான் உங்கள் மணிக்கூடு வாயைத் திறந்தது. சொல்வதற்கு முன்னால் தொண்டையைக் கனைப்பதுபோல 'கிர்' என்று ஒரு சத்தம் வருமே, அது இப்போது கொஞ்சம் கூடிவிட்டது. பெட்டரி இறங்குகிறதோ தெரியாது. அலுமாரிக்கு மேலேதான் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அங்கேதானே இருந்தது. வீடு மாறியது அதற்குத் தெரிய வேண்டாம் என்று அப்படி வைத்தேன். பைத்தியக்காரக் கதைதான். நீங்கள் இருந்திருந்தால் இதற்கே ஒரு வாரம் சிரித்திருப்பீர்கள்.

உங்கள் நாற்பதாம் நாள் கத்தமும் எப்போதோ ஓதி முடிந்தது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வருகிறவர்கள், "அழுங்ககா, நெஞ்சு லேசாகும்" என்று சொல்கிறார்கள். ஓம் என்கிறேன். சோறு வைத்தால் தின்கிறேன், புளிப்பு உறைப்பு ஒன்றும் தெரிவதில்லை. தொழுகிறேன், துஆக் கேட்கிறேன், கை இறங்கிய பிறகு என்ன கேட்டேன் என்று ஞாபகமில்லை. நான் எவ்வளவு கதைக்கிறவள்! வேலிக்கு இந்தப் பக்கம் நான் கதைத்தால் அந்தப் பக்கம் உங்கள் கோழி முட்டையிடாது என்று சொல்வீர்களே. இப்போது கதைக்கிறேன்தான், ஆனால் பக்கத்து வீட்டு றேடியோ கேட்கிற மாதிரி இருக்கிறது எனக்கே.

இந்த மணிக்கூடு வந்த நாளை நினைத்துப் பார்த்தேன். என் கூடப்பிறந்த காக்கா, உங்கள் புருசன், மௌத்தாகிப் போய், நீங்கள் அந்த வீட்டில் தனியே இருந்த காலம். உங்கள் ஒரே மகன் நவாஸ் சவூதியில் இருந்து லீவில் வந்து பெட்டியைப் பிரித்தான். கரண்ட் இல்லாத ஊருக்கு என்னவெல்லாம் கொண்டு வந்தான்! சோறாக்குகிற மெஷின் ஒன்று. நீங்கள் அதற்குள் காய்ந்த சிவப்புக் கொச்சிக்காய் போட்டு வைத்தீர்கள். "மூடி நல்ல இறுக்கம், எலி போகாது, நல்ல சாமான்" என்று ஊர் முழுக்கச் சொன்னீர்கள். பிறகு ஒரு டேப். அது பெட்டரியைத் தின்கிற தீனிக்கு ஒரு மாடு வளர்க்கலாம் என்றேன் நான். கடைசியாகத்தான் இதை எடுத்தான். வெள்ளை பிளாஸ்டிக், மேலே உருண்டையாகப் பச்சைக் குப்பா, முன்னால் நம்பர் ஓடுகிற கண்ணாடி.

"இதென்ன மகன், பள்ளிவாசல் மாதிரி இரிக்கி?"

"பாங்கு சொல்லும் உம்மா. அஞ்சு நேரமும் தானாச் சொல்லும்."

"ஒழு இல்லாமலா?" என்று நான் கேட்டேன்.

"மாமி, அதுக்கு பெட்டரி இருந்தாப் போதும்" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

எனக்குப் பிடிக்கவில்லை. பாங்கு என்பது ஒரு மனிதன் நித்திரையை விட்டு எழும்பி, இன்னொரு மனிதனை எழுப்புவது. எழும்பாத ஒரு சாமான் எப்படி மற்றவரை எழுப்பும்? இப்போதும் என் அபிப்பிராயம் அதுதான். நீங்கள் அப்படி இல்லை. அது ஒவ்வொரு வரி சொல்லும்போதும் தலையில் முந்தானையை இழுத்துவிட்டு, வரிக்கு வரி பதில் சொன்னீர்கள். "பெட்டிக்கு என்ன பதில் மதினி?" என்று நான் கேட்டபோது, "சொல்லுறது யார்ட பேரு மச்சி? பெட்டிட பேரா, அல்லாஹ்ட பேரா?" என்றீர்கள்.

அவன் திரும்பிப் போன கையோடு நோன்பு வந்தது. மாரி மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கதைத்தாலே கேட்காது. கரண்ட் இல்லாததால் பள்ளிவாசல் ஸ்பீக்கரும் ஊமை. மோதினார் வாயால் சொல்கிற பாங்கைக் கடல் காத்து காரைதீவுப் பக்கம் கொண்டு போய்விடும். பள்ளிவாசல் கலண்டரில் நேரம் இருந்தது, ஆனால் அந்தப் பொடி எழுத்து விளக்கு வெளிச்சத்தில் நம் இரண்டு பேருக்கும் தெரியாது. அப்போது உங்கள் மணிக்கூடுதான் நம் இரண்டு வீட்டுக்கும் ராசா.

விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பி உங்கள் குசினியில்தான் ஒன்றாகத் தின்போம். நான் பேணுதலுக்கு நேரத்தோடு வாயைக் கொப்பளித்துவிடுவேன். மெஷினை நம்பி நான் நோன்பு பிடிக்கிறவள் இல்லை. உங்களுக்கு அந்தக் கடைசித் தேத்தண்ணி வேண்டும். தின்று முடித்து, அடுப்பில் இருந்து அப்படியே இறக்கி, ஆவி பறக்கப் பறக்கக் குடிப்பீர்கள். நான் ஊதி ஊதிக் குடிக்கிறவள். என்னைப் பார்த்து, "ஆறின தேத்தண்ணிய ஆட்டுக்கு வைங்ககா" என்பீர்கள். விடியற்காலைச் சுபஹுப் பாங்கு தொடங்கினால் ஒன்றும் வாயில் வைக்கக் கூடாதே, மணிக்கூடு 'கிர்' என்றதும் கடைசி மடக்கு. அது அல்லாஹு அக்பர் சொல்ல, நீங்கள் கோப்பையைக் கவிழ்த்து வைப்பீர்கள். "பாத்தியா மச்சி, ஒரு மடக்கு வீணாகல்ல. இதுக்குத்தான் மெஷின் வேணும் எங்கிறது."

நோன்பு பாதி போன பிறகு ஒரு நாள் கரண்ட் வந்தது. அன்றைக்குச் சுபஹுக்கு ஸ்பீக்கரில் பாங்கு ஊரையே உலுக்கியது. உங்கள் கையில் கோப்பை நிறையத் தேத்தண்ணி. மணிக்கூட்டைப் பார்த்தீர்கள். அது சும்மா இருந்தது.

"மோதினார் அவசரப்பட்டுட்டார்" என்றீர்கள்.

"மதினி, பாங்கு சொல்லுதுகா! வைங்க கோப்பைய!"

"மனுசனுக்கு நித்திர வந்தா முந்திச் சொல்லிப்போட்டுப் படுப்பான். மெஷினுக்கு நித்திர வருமா?" என்று சொல்லிவிட்டு, ஆறுதலாகக் குடித்தீர்கள். குடித்து முடித்த பிறகு மணிக்கூடு பாங்கு சொன்னது. "இதுதான் சரியான நேரம்" என்றீர்கள். அடுத்த நாளும் அதே கதை. பள்ளிக்குப் போகிற ஒருவரிடம் மோதினாருக்குப் புத்தி சொல்லியும் அனுப்பினீர்கள். மோதினார் திருப்பி அனுப்பிய பதில் எனக்குத்தான் முதலில் வந்தது: "அந்த மணிக்கூட்டப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லுங்க, அதையே மோதினாரா வைப்பம். நான் வீட்ட கிடந்து நித்திர கொள்றன்."

அந்தக் கிழமையில்தான் நவாஸோடு கதைக்கக் கல்முனைக்குப் போனோம். அந்தக் கொமினிகேசன் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நீங்கள், கதவைத் திறந்து பிடித்தபடி நான். சவூதி தூரம் என்று நீங்கள் போட்ட சத்தத்துக்குப் போனே தேவையில்லை.

"மகன், உன்ட மணிக்கூட்டுக்கு முந்தி நம்மட மோதினார் பாங்கு சொல்லுறார். நீ ஒருக்கா பள்ளித் தலைவருக்குக் காயிதம் எழுது!"

அந்தப் பக்கம் அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. உங்கள் முகம்தான் தெரிந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது, அதற்குள்ளே இருந்து ஆள் மட்டும் எழும்பிப் போன மாதிரி. போனை வைத்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னீர்கள்.

"அந்த மணிக்கூட்டுல கல்முனை எண்டு ஒரு ஊரே இல்லையாம் மச்சி. கொழும்பு மட்டும்தானாம் இரிக்கி. அவன் நேரத்தக் கொழும்புக்கு வெச்சானாம்."

கடைக்காரர்தான் நமக்கு விளங்கப்படுத்தினார். சூரியன் முதலில் எழும்புவது நம்முடைய கிழக்குக் கடலில். மேற்கே கொழும்பில் நம்மைவிடச் சுணங்கி, பிந்தித்தான் விடியும், சுணங்கித்தான் பொழுது படும். நோன்பு திறக்கச் சுணங்கினால் பசிதான் கூடும். சஹரில் சுணங்கினால் நோன்பு போய்விடும். நாங்கள் பிறந்து, கலியாணம் முடித்து, பிள்ளை பெற்று, மையித்து அடக்கின ஊர் அந்தப் பெட்டிக்குள் இல்லை. எவ்வளவு படித்தவன் செய்திருப்பான் அந்தச் சாமானை. உலகத்தில் உள்ள ஊரெல்லாம் போட்டவனுக்கு இந்தக் கரையோரம் கண்ணில் படவில்லை. அன்றில் இருந்து நம் இரண்டு வீட்டிலும் அதற்குப் பெயர் கொழும்புப் பாங்கு.

மௌலவியிடம் கேட்டுவித்தோம். இரவு என்று நினைத்துக் குடித்தாலும் விடிந்திருந்தால் களாத்தான், அந்த நோன்பைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்று சொன்னார். எத்தனை நோன்பு என்று கேட்டதற்கு, கடைசித் தேத்தண்ணி குடித்த நாளெல்லாம் என்றார். வழக்கமாக நானாக இருந்தால், 'நான் அப்பவே சொன்னேனே' என்று பெருநாள் வரைக்கும் சொல்லியிருப்பேன். உங்கள் முகத்துக்கு முன்னால் அது வரவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு இருந்தீர்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"நான் அதுக்குள்ள மௌத்தாகினா என்ன செய்றது மச்சி?"

"என்ன கதை மதினி இது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பக்கத்து வளவுப் பொடியன் ஒருவன், கையால் நேரத்தை மாற்றித் தருகிறேன் என்று வந்தான். நீங்கள் மணிக்கூட்டைத் தொட விடவில்லை. "என்ட மகன்ட வெரல் பட்டு வெச்ச நேரம். அது கிடக்கட்டும். பாங்குக்குப் பள்ளி இரிக்கி. இது அவன் என்னக் கூப்பிடுறது" என்றீர்கள். அதன் பிறகு பள்ளிப் பாங்குக்குத் தொழுவீர்கள். கொழும்புப் பாங்கு சொல்லும்போது தொழுத பாயிலேயே இருந்து அவனுக்குத் துஆக் கேட்பீர்கள். அந்தச் சுணக்கம்தான் அவனுடைய பங்கு. ஒரு கெட்டுப்போன சாமானில் இப்படி ஒரு பிரயோசனம் எடுக்க உங்களால்தான் முடியும்.

ஆனால் களா நோன்பை மட்டும் நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. பெருநாள் முடிந்து கேட்டேன், வேளாண்மை வெட்டுக் காலத்திலும் கேட்டேன், "எத்தினைய புடிச்சிட்டீங்க மதினி?" என்று. "களா நோம்ப வாயால சொல்லப்படா. சொன்னா பாதி நன்மை கேட்டவள்ட காதோட போயிரும்" என்று என் காதைப் பிடித்துத் திருகினீர்கள். தனியே ஆக்கித் தின்கிற மனுசி, எந்த நாள் நோன்பு எந்த நாள் இல்லை என்று எவருக்குத் தெரியும்?

பிறகு வெயில் காலத்துக் கச்சான் காத்து வந்தது. அன்றைக்கு அனல். அஸருக்குப் பிறகு உங்கள் முற்றத்தில் வேப்ப மர நிழலில் இருந்து கதைத்தோம். நான்தான் கதைத்தேன், நீங்கள் ஓம் ஓம் என்று கேட்டீர்கள். தலையைச் சுத்துது என்றீர்கள். கொஞ்சம் சாயுங்க என்று சொல்லிவிட்டு, ஆட்டைக் கட்ட வீட்டுக்குப் போனேன். பொழுது படும் மகரிபுக்கு முன்னால் திரும்பி வந்தால் பாயில் வலது பக்கமாகச் சரிந்து கிடந்தீர்கள். கூப்பிட்டேன். தோளைப் பிடித்து உலுப்பினேன். பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் நடத்தியது. வீடு நிறையச் சனம், பள்ளியில் மகரிபு பாங்கு முடிந்தது, அலுமாரிக்கு மேலே இருந்து அதுவும் தொடங்கியது. "இதென்ன ரெண்டாம் பாங்கு?" என்று யாரோ கேட்டார்கள். ஒருவரும் நிற்பாட்டவில்லை. உங்கள் மகன் உங்களைக் கூப்பிட்டு முடித்தான். நான்தான் உங்களைக் குளிப்பாட்டினேன். கை வேலை செய்தது. நான் அங்கே இருக்கவில்லை.

இப்போது ஷஃபான் மாதம் பிறந்துவிட்டது. அடுத்த நோன்பு வாசலில் நிற்கிறது. உங்கள் களா என் நெஞ்சில் ஒரு கல்லுப்போல. மௌத்தானவருக்காக அவருடைய சொந்தக்காரர் பிடிக்கலாம், நான் சம்பந்தத்தில் வந்தவள் என்பதால் மகனிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றார் மௌலவி. அதே கடைக்குப் போனேன், அதே கண்ணாடிப் பெட்டி. கதவைப் பிடிக்க ஆள் இல்லாமல் அது தானாகச் சாத்திக்கொண்டது.

"மகன், உம்மாட களாவ நான் புடிக்கட்டுமா?"

"புடிங்க மாமி" என்றான். பிறகு, "அந்த மணிக்கூடு இன்னும் சொல்லுதா?" என்று கேட்டான்.

"சொல்லுது மகன். பிந்தித்தான் சொல்லுது."

"மாத்திராதீங்க" என்றான்.

எத்தனை மிச்சம் என்று தெரியாமல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் நோன்பு. கேத்தல் அடுப்பில் ஏறவில்லை. கோப்பைகள் கழுவின மாதிரியே கவிழ்ந்து கிடக்கின்றன, உங்கள் நீலப் பூக் கோப்பையும் அதற்குள்தான். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், சற்று முன் மணிக்கூடு பாங்கு சொல்லி முடித்தபோதுதான் மதினி, எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஆட்டைக் கட்டப் போகும் முன் உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுத்தான் போனேன். கையில் வாங்கி, ஒரு மடக்கும் குடிக்காமல், பாய்க்குப் பக்கத்தில் வைத்தீர்கள். ஆவி பறக்கக் குடிக்கிற நீங்கள், மதினி, "ஆறட்டும் மச்சி" என்றீர்கள். மையித்து வீட்டுச் சனத்துக்குள் அந்தக் கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தது நான்தான். அது ஆடை படிந்து, விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது.