நான் போடாத கடிதம்

இன்று மே தினச் சுவரொட்டிக்காக மைதாப் பசை காய்ச்சினேன். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கிண்டிய கை நின்றுவிட்டது. இந்தச் சட்டிப் பசையை விரலால் தொட்டெடுத்துத்தான் நீ அந்தக் கவரை ஒட்டினாய்.

எழுபதுகளின் நடுவில், நமக்குக் கல்யாணமாகிச் சில வருடங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. உன் சபைப் போதகர் ஒரு முகவரி கொடுத்திருந்தார். வேதத்தை நம்பித் துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்று பட்டாளத்தில் சேர மறுத்தவன் ஒருவன் சிறையில் இருந்தான். எங்கள் கட்சியின் தொழிற்சங்க அலுவலகச் சுவரில் எந்த நாட்டுத் தலைவர்களின் படங்களை மாட்டியிருந்தோமோ, அந்த நாடுதான் அவனை அடைத்து வைத்திருந்தது.

“கொல்ல மாட்டேன்னுதானே சொன்னான்? அதுக்கு மூணு வருசமா?” என்றாய்.

“எல்லாம் எதிரிங்க கட்டி வுட்ட கதை. அங்க அப்படி நடக்காது.”

“கதைன்னா நல்லதுதாங்க. ஆள் இல்லைன்னு லெட்டர் திரும்பி வந்துடட்டும்.”

போதகர் எழுதித் தந்த நாலு வரி இங்கிலீஷை ஒரு பகல் முழுக்கப் பார்த்துப் பார்த்து எழுதினாய். சுங்குவார்சத்திரம் தபால் நிலையத்தில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாய். நான் போடவில்லை. அங்கே முத்திரை குத்துகிறவர் ஒரு தோழரின் அண்ணன். விலாசத்தைப் பார்த்தால் சங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். அதைவிட, நீ சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்று பயம். சங்க அலுவலகத்தில் பழைய நோட்டீஸ் கட்டுக்கு அடியில் செருகி வைத்தேன்.

மூன்று மாதம் தபால்காரரை வழிமறித்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். வெள்ளிக்கிழமைதோறும் மதியம் சாப்பிடாமல், வாயில் நுழையாத அவன் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்லி ஜெபம் செய்தாய். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, உன் எதிரே உட்கார்ந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்து போய்க் கவரை எடுத்துவந்து நீட்டினேன்.

முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாய். “அவங்க அவனை அடைச்சி வெச்சாங்க. நீங்க இதை அடைச்சி வெச்சீங்களா?”

உச்சி வெயிலில் தபால் நிலையத்துக்கு நடந்தாய். பின்னாலேயே வந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

மறு வருடம் அவனுடைய அம்மாவிடமிருந்து பதில் வந்தது. போதகர் தமிழில் படித்துச் சொன்னார். மகன் வீடு திரும்பிவிட்டான். உள்ளே அவன் கைக்குக் கிடைத்த ஒரே கடிதம் உன்னுடையது. அது வருவதற்கு முந்தைய மாதங்களில், தன்னை நினைக்க யாரும் இல்லை என்று அவன் பேசுவதையே விட்டிருந்தானாம்.

அப்போது நீ என்னைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சாகும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து அவனைப் பற்றிக் கேட்டேன். செயலாளர் அடுத்த தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கினார். அதன்பிறகு டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. ஆனாலும் கட்சியை நான் விடவில்லை.

நீ என்னை மன்னித்துவிட்டாய் என்றே நினைக்கிறேன். ஆனால் அவன் பேச்சில்லாமல் கிடந்த அந்த மாதங்களை மன்னிக்க உன்னால் முடியாது. அது அவனால்தான் ஆகும். அவனுக்கு எழுத எனக்கு இங்கிலீஷும் தெரியாது, தைரியமும் இல்லை. அந்த மாதங்களை நான்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.