ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் கிளம்ப

பிப்ரவரி 11, ஞாயிறு

என் அன்புத் தம்பிக்கு,

மானம் போன செய்தியை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்குள். நீ எடுத்த ஜாம்பிப் படத்துக்குப் போயிருந்தேன். ஜாம்பிகள் கையை நீட்டிக்கொண்டு அந்த அக்காக்காரியைச் சுவரோரம் நெருக்கிய கட்டத்தில், என்னையறியாமல் கழுத்தில் கிடந்த கண்டக்டர் விசிலை எடுத்து நீளமாக ஒன்று ஊதிவிட்டேன். தியேட்டரில் விசில் புதிதில்லை. ஐம்பது வயதுப் பெண்மணி எழுந்து நின்று ஊதுவதுதான் புதிது போலிருக்கிறது. முன்வரிசை மனிதர் பாப்கார்னைத் தன் தலையிலேயே கொட்டிக்கொண்டார். டிக்கெட் கிழிப்பவர் டார்ச்சோடு வந்து, "என்னம்மா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். "இல்லப்பா, வீட்டு ஞாபகம்" என்றேன்.

நான் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன், போஸ்டரில் பார்த்துக்கொண்டேன், கன்னம் வைத்திருக்கிறாய். ஏன் கடிதம் என்றால், போன் செய்தால் "ஷூட்டிங்ல இருக்கேன்க்கா" என்பாய். அதற்குள் அப்பா என்னிடமிருந்து போனைப் பிடுங்கி, "வண்டி கிளம்பிருச்சு" என்று சொல்லி வைத்துவிடுவார். மறுமுனை என்ன சொல்கிறது என்பதெல்லாம் அவருக்கு அக்கறையே இல்லை.

நீ வந்து போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, அதனால் நினைவூட்டுகிறேன். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டிய மனிதருக்கு இப்போது என் பெயர் தெரியாது, தன் பெயர் தெரியாது, சாப்பிட்டோமா இல்லையா என்று தெரியாது. இல்லாத ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் டிரிப் அடிக்கிறார். ஒரு விசில் கொடுத்தால் நிற்பார், இரண்டு கொடுத்தால் கிளம்புவார். இந்த வித்தையில்தான் நம் வீடு ஓடுகிறது. அதை அப்படியே தூக்கி உன் பிணங்களுக்குக் கொடுத்திருக்கிறாய். டைட்டிலில் என் பெயரைத் தேடினேன், காணோம்.

சரி, படம் எப்படி? விசில் வேலை செய்கிறது. அதைவிட, அந்தப் பெண் கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறாளே, அந்த இடம். சத்தம் வந்தாலும் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். கடிபடுவதல்ல, காத்துக்கிடப்பதுதான் கொடுமை என்று உனக்கு எப்படித் தெரிந்தது? யாரோ உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் சொல்லியிருப்பேன்.

மற்றதெல்லாம் ஓட்டை. தையல்காரியாகச் சொல்கிறேன், அவளுடைய சட்டை இடைவேளைக்கு முன் வலது தோளில் கிழிந்திருக்கிறது, பிறகு இடது தோளில். மாதக்கணக்கில் தெருவில் அலையும் பிணங்களின் பேன்ட் ஓரத்தில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அந்த வீட்டில் யாரும் கக்கூஸ் போவதில்லை, நகம் வெட்டுவதில்லை, படுக்கைவிரிப்பை அலசிப் போடுவதில்லை. அடைபட்டு வாழ்வதில் முக்கால்வாசி அதுதானடா. இன்னொன்று, உன் நாயகன் பிணங்களின் முதுகுக்குப் பின்னால் நின்று ஊதுகிறான், அத்தனையும் நிற்கின்றன. நடக்காத காரியம். முன்னால் போய் நின்று ஊத வேண்டும். நான் வெளியே போனால் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மாடி நர்ஸம்மா அடுப்படியில் நின்றபடியே ஊதி ஊதி மூச்சு வாங்குகிறார், டிரைவர் கண்டுகொள்வதே இல்லை.

கடைசியில் தம்பிக்காரன் விசிலையும் எடுத்துக்கொண்டு, கதவை வெளியே தாழ்போட்டுவிட்டு, குழாயைப் பிடித்து இறங்கி ஓடுகிறான். அக்காக்காரி உள்ளே. அதோடு எழுந்து வந்துவிட்டேன். எனக்குப் புரிந்துவிட்டது.

இனி விஷயம். பக்கத்துத் தெருக் கண்ணாடிக்காரரைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. மூக்குக் கண்ணாடிக் கடை, மனைவி இல்லை, நல்ல பல். போன வருஷம் அப்பா தெருவில் இறங்கி அவருடைய வேனில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் வேனின் முன்கண்ணாடிக்கு எதிரே நின்று விசில் கொடுத்து இறக்கினேன். அன்றிலிருந்து அவருக்கு என்மேல் ஒரு மரியாதை, எனக்கு அவர் வேன்மேல் ஒரு பிரியம். மார்ச் கடைசியில் வேறு ஊருக்குக் கடையை மாற்றுகிறார். "நீங்களும் வாங்களேன்" என்றார். என்னை இதுவரை யாரும் எங்கேயும் வரச் சொன்னதில்லை, துணி அளவெடுக்கத் தவிர.

அப்பாவை நீ வந்து உன்னோடு வைத்துக்கொள். அது ஒன்றுதான் கேட்கிறேன்.

வீட்டுக்குள்ளிருந்து,
உன் அக்கா

•

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எடிட்டிங் அறையில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்தேன், பேன்ட் ஓரம் வரைக்கும். காஸ்ட்யூம்காரர் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு மனசுக்குள் படித்தேன்.

நீ பாதியில் எழுந்து வந்திருக்கிறாய் அக்கா. இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. அவன் திரும்பி வருகிறான். ஊர் எல்லைவரை போனவன் திரும்பி வந்து, தாழ்ப்பாளை எடுத்து, விசிலை அவள் கையில் கொடுக்கிறான். படமே அதற்காகத்தான். ஊரெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் அழுகிறது, நீ மட்டும் என்னைத் திட்டுகிறாய்.

அப்பா விஷயம். ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. போன தடவை வந்தபோது, நீ கடைக்குப் போயிருந்த நேரம், நானும் விசிலை எடுத்து ஊதிப் பார்த்தேன். அப்பா ஜன்னலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். நிற்கவில்லை. திரும்பக்கூட இல்லை. எத்தனை தடவை ஊதினேன் தெரியுமா? நீ வந்தாய், அவர் எதிரே போய் ஒரே ஒரு தடவை ஊதினாய், சடாரென்று நின்றார். உனக்கு அது தினசரி வேலை. எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. சின்ன வயதில் அவர் பஸ்ஸில் முன்சீட்டு எனக்குத்தான். என் விசிலுக்கு நிற்காதவரை என் வீட்டில் நான் எப்படி நிறுத்தி வைப்பேன்?

ஆனாலும் வருகிறேன். மார்ச் இருபத்தைந்துக்குள். கண்ணாடிக்காரரிடம் சொல்லிவை. அவர் பல்லைப் பற்றி நீ எழுதியதை நான் யாருக்கும் படிக்கவில்லை.

தம்பி

•

மார்ச் 4

என் தங்கத் தம்பிக்கு,

அந்தப் பத்து நிமிஷத்தையும் பார்த்துவிட்டேன். முழுப் படத்துக்கும் போக முடியாது, நர்ஸம்மா ஆறு மணிக்கு மேல் ஒரு நொடி தாங்க மாட்டார், அவருக்கு டி.வி.யில் சீரியல். அன்று நான் பாதியில் வந்ததும் அதனால்தான், கோபத்தால் இல்லை. போன தடவை கௌரவத்துக்காக அப்படி எழுதினேன். இந்தத் தடவை கடைசிப் பத்து நிமிஷத்துக்கு மட்டும் போனேன். டிக்கெட் கிழிப்பவர் அடையாளம் கண்டுகொண்டார். "விசிலம்மா, அதை வெளியில வெச்சுட்டுப் போங்க" என்றார். கழற்றிக் கொடுத்தேன். பின்னால் நின்றபடியே பார்த்தேன்.

தாழ்ப்பாள் எடுபடும் சத்தம் கேட்டதும் அழுதுவிட்டேன். நன்றாக எடுத்திருக்கிறாய். அவள் உடனே ஓடி வராமல், திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு அப்படியே நிற்கிறாளே, அதற்கு நூற்றுக்கு நூறு. நானும் அப்படித்தான் நிற்பேன்.

போன கடிதத்தில் எழுதிய ஏச்சை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன். சட்டைத் தோளை மட்டும் வாங்க மாட்டேன்.

விசிலுக்கு அப்பா நிற்கவில்லை என்று மனசு விடாதே. அவருக்கு யாரையும் தெரியவில்லை, உன்னை மட்டும் எப்படித் தெரியும்? என்னையும் தெரியாது. விசிலைத்தான் தெரியும். உன் ஊதல் சரியில்லாமல் இருந்திருக்கும், வந்ததும் சொல்லித்தருகிறேன்.

முன்னறையை ஒழித்து வைத்துவிட்டேன். அப்பா துணிகளை எல்லாம் பெல்ட் தேவைப்படாமல் எலாஸ்டிக் போட்டுத் தைத்துவிட்டேன், உனக்குச் சிரமம் இருக்காது. கண்ணாடிக்காரரிடம் சொன்னேன். அவர் என் மூக்குக்கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்தார். எங்கள் வயதில் அது பெரிய விஷயம்.

கதவுப் பக்கமே காதாக,
அக்கா

•

மார்ச் 23

அக்கா,

போனில் சொல்லத் தைரியம் இல்லை. இரண்டாம் பாகம் உடனே ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள். நாளைக்கே கிளம்புகிறேன், திரும்ப மூன்று மாதம் ஆகும். கண்ணாடிக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்ல முடியாதா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் நான் எழுதியது இல்லை. அவன் ஓடுவதோடுதான் முடித்திருந்தேன். ஜனங்கள் உட்கார மாட்டார்கள் என்று தயாரிப்பாளர் சேர்க்கச் சொன்னார்.

மன்னித்துக்கொள்.

தம்பி

•

ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

உறைமேல் உள்ள விலாசத்தைப் பார். மாறியிருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று காலை முழுக்க அப்பா டிரிப் அடித்தார், நான் மெஷினில் உட்கார்ந்து ஒரே ஓரத்தைத் தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். சாயங்காலம் கண்ணாடிக்காரர் வந்தார். கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "படத்துல ஒண்ணு உள்ள கிடக்கறாங்க, இல்ல விட்டுட்டு ஓடறாங்க. அந்த ஜாம்பிங்களையும் வண்டியில ஏத்திக்கிட்டா என்ன? யாருக்குமே தோணலையே" என்றார். எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் வெட்கம். இத்தனை நாள் உனக்குக் கடிதம் எழுதி எழுதி, யார் வந்து தாழ்ப்பாளை எடுப்பார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நம் வீட்டுத் தாழ்ப்பாள் உள்பக்கம்தானே.

வழி நெடுக வேனை ஓட்டியது அப்பாதான். அவரை டிரைவருக்குப் பின்சீட்டில் உட்காரவைத்தோம். முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு வளைவுக்கு வளைவு திருப்பினார், முந்துகிறவர்களைத் திட்டினார், பெட்ரோல் பங்க்கில் இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார். கண்ணாடிக்காரர் முன்னால் உட்கார்ந்து ஏதோ கூடமாட உதவினார். இத்தனை வருஷத்தில் அப்பா ஒரு டிரிப் முடிந்து தூங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

இங்கே கடைக்குப் பின்னால் இரண்டு அறை. முன்னால் கண்ணாடி, நடுவில் என் தையல் மெஷின், பின்னால் அப்பாவின் ரூட். அடைபட்டுத்தான் கிடக்கிறேன், ஆனால் இப்போது மூன்று பேராக. பேச்சுத்துணைக்கு ஆள் இருந்தால் சுவர் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. பக்கத்துக் கடைக்காரிகளுக்கு நாங்கள் யார், எப்போது கல்யாணம் ஆனது என்று பெரிய ஆராய்ச்சி. ஒருத்திக்கு ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறேன், எல்லோரும் ஒன்றாகக் கூடும் நாள் வேடிக்கையாக இருக்கும்.

உன்மேல் கோபம் இருந்தது. ஜன்னல் கம்பியை உடைக்கும் அளவுக்கு இருந்தது. இப்போது எவ்வளவு இருக்கிறது என்று எடுத்துப் பார்க்கவில்லை. நீ எழுதிய முடிவுதான் நேர்மையானது, ஓடுகிறவன் ஓடுவான். ஆனால் அவர்கள் சேர்த்த பத்து நிமிஷம்தான் நல்ல படம். இரண்டையும் நீயே எடுத்தாய் என்பதால் உன்னை முழுசாகத் தள்ளவும் முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கன்னத்தைக் குறை.

உன் அக்கா

பி.கு. இரண்டாம் பாகத்துக்கு வேண்டுமானால் இதை எடுத்துக்கொள். இந்த ஊர் டாக்டரிடம் அப்பாவை முதல்முதலாகக் காட்டினேன். அவர் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒரு இரும்புத் தட்டைக் கீழே போட்டார். நான்தான் துள்ளினேன். அப்பா சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு காதும் சுத்தமா போயிருச்சும்மா. குறைஞ்சது ரெண்டு மூணு வருஷம் இருக்கும்" என்றார். அதெப்படி, என் விசிலுக்கு நிற்கிறாரே என்று சண்டைக்குப் போனேன். "ஊதும்போது நீங்க எங்க நிப்பீங்க?" என்று கேட்டார். எதிரேதான், இரண்டு விசில் கொடுத்ததும் விலகி வழிவிடுவேன். நீ அன்று பின்னால் நின்று ஊதியிருக்கிறாய், அவ்வளவுதான். வந்தால் அவர் கண்ணில் படும்படி எதிரே வா. நேற்று விசிலை ஆணியில் மாட்டிவிட்டு, வெறும் ஆளாக அவர் முன்னால் போய் நின்று பார்த்தேன். நின்றார்.