பாலத்துக்கு அடியில்

ஆகஸ்ட் 18, 2025, திங்கள்

பாலங்களைப் பழுதுபார்க்க அரசு நிதி ஒதுக்கிய பட்டியல் வந்துவிட்டது. எங்கள் பிரிவில் ஏழு பாலங்கள். ஜீயபுரத்துக்கு அப்பால் என் பொறுப்பிலுள்ள வாய்க்கால் பாலம் மட்டும் இல்லை. கைப்பிடிச் சுவரில் பெயின்ட் உதிர்ந்ததற்கெல்லாம் பணம் உண்டு. அதிகாரிகளின் கார் போகிற ரோடு ஆயிற்றே! உதவிப் பொறியாளர் என்று எனக்கு ஒரு நாற்காலி எதற்கு? வயிறு எரிகிறது.

ஆகஸ்ட் 19

பாலத்துக்குப் போனேன். வாழைத்தார் ஏற்றிய டெம்போ கடக்கும்போது காலுக்கடியில் பாலம் அதிர்ந்தது. பக்கத்து வாழைத்தோட்டக்கார மயிலம்மாள் என்னை வழிமறித்துப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, நீதானே இன்ஜினியரு? என்னிக்காவது அடியில எறங்கிப் பாத்தியா? தூணுல கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு. எம் பேத்தி ஸ்கூல் வேன் தெனம் ரெண்டு தடவ போகுது."

பட்டியல் போடுவது நானா? என்னைத் திட்டினால் பணம் வருமா? என்ன வாய் அந்த அம்மாவுக்கு!

ஆனாலும் இறங்கினேன். முதல் தடவை. தூணுக்கு அடியில் மண்ணே இல்லை. முழங்கை வரை கை உள்ளே போனது.

ஆகஸ்ட் 20

மேலதிகாரி நல்லதம்பி சாரோடு சண்டை. "எப்படி சார் விட்டுப்போச்சு?" கோப்பை என் முன்னால் போட்டார். இரண்டு வருடம் தொடர்ந்து 'மோசம்' என்று பதிவான பாலங்களுக்குத்தான் முன்னுரிமையாம். மழைக்கு முந்தைய ஆய்வுப் படிவம், 2023: நல்ல நிலை. 2024: நல்ல நிலை. இரண்டிலும் என் கையெழுத்து.

எல்லோரும் செய்வதுதான். ஆபீஸில் உட்கார்ந்து போன வருடப் படிவத்தைப் பார்த்து எழுதுவோம், தேதியை மாற்றுவோம். 'மோசம்' என்றால் நூறு கேள்வி வரும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்தார்கள். நானும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டேன் —

ஆகஸ்ட் 22

சார் ஒரு வழி சொன்னார். "இந்த வருஷமும் நல்ல நிலைன்னே போடுங்க சம்ரீன். ஐப்பசில தண்ணி வரும்ல? வெள்ளச் சேதம்னு எழுதி வேற நிதியில வாங்கிக்கலாம். உங்க மேலயும் வராது, என் மேலயும் வராது."

அதுவரை வேன்? அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. "யோசிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சீ, நானும் ஒரு ஆள்.

ஆகஸ்ட் 25

எழுதிவிட்டேன். 'மிக மோசம். போக்குவரத்தை உடனே நிறுத்த வேண்டும். முந்தைய இரண்டு ஆய்வுகளும் நேரில் பார்க்காமல் எழுதப்பட்டவை.' கலெக்டர் ஆபீஸுக்கும் ஒரு பிரதி.

வீட்டில் அம்மா சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டார். "எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க, உனக்கு மட்டும் என்னடி வந்துச்சு?"

செப்டம்பர் 2

தடுப்பு வைத்தாயிற்று. வேன் எட்டு கிலோமீட்டர் சுற்றிப் போகிறது. வாழைத்தார்கள் தலைச்சுமையாகப் பாலம் கடக்கின்றன. மயிலம்மாள் மண்ணை வாரித் தூற்றாத குறை. "சரி பண்ணச் சொன்னா அடைச்சுட்டுப் போறியே, நீ நல்லா இருப்பியா?"

செப்டம்பர் 3

அவர் சொன்னது காதை விட்டுப் போகவில்லை.

அக்டோபர் 24

காலை எட்டேகால். வேன் முன்பு அந்தப் பாலத்தில் ஏறும் நேரம். வாய்க்காலில் கரை தொட்ட தண்ணீர். தூண் ஒரு சாண் இறங்கிவிட்டது. பாலத்தில் யாரும் இல்லை. தடுப்புப் பலகையில் இருந்த என் நம்பருக்குப் போன் செய்து சொன்னவர் மயிலம்மாள்.

நவம்பர் 12

ஒரே தபாலில் இரண்டு. கூடுதல் பட்டியலில் பாலம் ஏறிவிட்டது, புதிதாகவே கட்டுகிறார்கள். மற்றது எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. நல்லதம்பி சாருக்கு ஒன்றும் இல்லை. இன்றும் டீ குடித்தார்.

முதல் கேள்வி: '2023, 2024 ஆகிய ஆண்டுகளில் பாலத்துக்கு அடியில் இறங்கிப் பார்த்தீர்களா?' பதில் எழுத ஒரு முழுப் பக்கம் விட்டிருக்கிறார்கள்.

'இல்லை' என்று எழுதினேன். மீதிப் பக்கத்துக்கு எதுவும் இல்லை.