மாடித் தொட்டியும் நம் எருக்குழியும்

சேசு மரி சூசை துணை
திண்டிவனம் தாலுகா, 1947 பிப்ரவரி 26

அன்பு மகன் அந்தோணிசாமிக்கு அப்பன் சவுரிராயன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. மாதாவின் தயவால் நானும் உன் அம்மா லூர்துமேரியும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், எனக்கு முன்பல் இரண்டு போயிற்று, அதைப் பெரிதாக நினைக்காதே. அந்த இலங்கை மலைக் குளிரில் உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது என்று உடனே எழுது. ஒரு வருஷமாக அப்பன் கடிதம் போடவில்லை என்று கோபித்துக்கொண்டாய், நியாயம்தான். நிலத்தின் கதி தெரியாமல் எழுதுவதில்லை என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். சர்க்கார் நமக்கு விட்ட இரண்டு ஏக்கர் களர் நிலத்தில் மூன்று வருஷத்துக்குள் பயிர் நிற்காவிட்டால் பட்டாவைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்தக் கெடு போன தை மாதத்தோடு முடிந்தது.

தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய குச்சியையும் தழையையும் சாணியையும் அடுக்கடுக்காகக் குழியில் போட்டு, தண்ணீர் தெளித்து, மாதம் ஒரு தரம் புரட்டி எருவாக்குகிறோம் என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் முதலில் உன்னைத்தான் வைதேன். குப்பை மக்குவதைக் கற்றுக்கொள்ளவா இவன் கப்பல் ஏறினான், தோட்டத்துத் துரை வாயால் சொன்னால் குப்பைக்கும் கிரீடம் வந்துவிடுகிறது என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் உப்புப் பூத்துக் கிடக்கிற மண்ணுக்கு எனக்கும் வேறு வழி தெரியவில்லை. பண்ணையார் சக்கரபாணி களத்தில் மல்லாட்டை உடைத்துக் கடலை எடுத்து முடிந்ததும் மலை மாதிரி கிடக்கிற தோலை வருஷா வருஷம் நாம்தானே கூட்டிக் கொளுத்துவோம், இந்தத் தடவை கொளுத்தாமல் கூடை கூடையாகச் சுமந்து வந்தோம். ஆவாரந்தழை, ஏரிக் கோரை, நம் கிழட்டு மாட்டுச் சாணி, அடுப்புச் சாம்பல் எல்லாம் சேர்த்து நீ எழுதியபடியே மூன்று குழி போட்டோம். அந்தப் பெரிய மனுஷர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, என்னாடா சவுரி, பொணத்தைப் பொதைக்கிறாப்ல குப்பையப் பொதைச்சிக்கினு கீறே, இதுலயா வெள்ளாமை வரப்போவுது, என்று தொப்பை குலுங்கச் சிரித்தார்.

சிரித்தவர் வீட்டில் நடந்ததைக் கேள். விழுப்புரத்திலிருந்து அவர் மருமகன் சீனுவாசன் வந்தான், இங்கிலீஷ் பத்திரிகை இல்லாமல் காபி இறங்காத ஆசாமி. சண்டைக் காலத்தில் நடுக்கடல் தீவில் பட்டாளத்துக்காரர்கள் மண்ணே இல்லாமல் தண்ணீரில் உப்புக்களைக் கரைத்துத் தக்காளி விளைவித்தார்களாம், அதைப் படித்துவிட்டு மெட்ராஸிலிருந்து சீசா சீசாவாக மருந்து கொண்டுவந்து, மொட்டை மாடியில் ஆறு தகரத் தொட்டி வைத்தான். இனிமே மண்ணும் வேணாம், மண்ணுல எறங்கற ஆளுங்களும் வேணாம் மாமா, என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னானாம், அவர்கள் வீட்டு வண்டி ஓட்டுகிற நம் தெரு துரைக்கண்ணுதான் வந்து சொன்னான். தண்ணீர் கொல்லைக் கிணற்றில் இருக்கிறது, தொட்டி மாடியில் இருக்கிறது. தீட்டு என்று நம் ஆட்கள் யாரும் அந்த வீட்டுக் கொல்லைப் படியைத் தாண்டக் கூடாது, பிறகு யார் குடம் தூக்குவது? மாமனாரும் மருமகனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று நாள் தூக்கினார்கள், நாலாம் நாள் இருவருக்கும் இடுப்புப் பிடித்துக்கொண்டது. சித்திரை வெயிலில் தகரம் காய்ந்து, இருந்த கொஞ்சம் தண்ணீரும் கொதித்து, தக்காளி வேரெல்லாம் கீரை மசியல் ஆகிவிட்டது. அந்தத் தீவில் பட்டாளத்துக்காரன் தன் குடத்தைத் தானே தூக்கியிருப்பான், அதனால் விளைந்திருக்கும். இந்தச் சின்ன விஷயம் இவ்வளவு படித்தவனுக்கு விளங்கவில்லை.

அதற்கப்புறம்தான் வெட்கங்கெட்ட காரியம். வைகாசியில் நம் குழியைத் திறந்தால் எரு கறுகறுவென்று காப்பித்தூள் மாதிரி இருந்தது, நாற்றம் துளியும் இல்லை. ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. மறுநாளே சக்கரபாணி துரைக்கண்ணுவை வண்டி கட்டச் சொல்லிக் கூடவே வந்து, மல்லாட்டைத் தோலு நம்மளுது, எருவும் நம்மளுதுதான், மாடித் தொட்டியில கொட்டணும், அள்ளு, என்றார். இருபது வருஷம் கூட்டிக் கொளுத்தச் சொன்னபோது அது அவருடையதாகத் தெரியவில்லை. நான் குனிந்து கூடையை எடுத்துவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன். உன் அம்மாதான் குழி ஓரத்தில் நின்றுகொண்டு, தாராளமா அள்ளிக்கினு போங்க சாமி, நாங்க காலால மெரிச்சி கையால பொரட்டினது, ஒங்க பூசை ரூமுக்கு மேல வெக்கலாமான்னு வூட்டு அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுக்கினு வந்து அள்ளுங்க, என்றாள். அவர் கேட்கப் போனவர் திரும்பி வரவே இல்லை. வண்டி காலியாகத் திரும்பியது. துரைக்கண்ணு முகத்தை மாட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

அந்த எரு ஒரு ஏக்கருக்குத்தான் காணும். மழைக்கு முன்னே போட்டு உழுது கேப்பை விட்டோம். தையில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தபோது சக்கரபாணியும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்து, அங்க குப்பைக்குழிதான் கீது சார், என்று வழியெல்லாம் ஓதியிருக்கிறார். வந்து பார்த்தால் கதிர் இடுப்புயரம் நிற்கிறது. இன்ஸ்பெக்டர் ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதி வாயில் போட்டுக்கொண்டார், சக்கரபாணி தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் மற்ற ஏக்கர் வெறும் வெள்ளைக் களர்தானே. அதற்கு வருகிற தை வரைக்கும் தவணை எழுதியிருக்கிறார், அப்போதும் பயிர் இல்லையென்றால் இரண்டு ஏக்கரும் சேர்ந்து போய்விடும். அறுத்த கேப்பையில் உன் அம்மா களி கிண்டினாள், பாதியில் எழுந்து போய் அழுதாள், நான் பார்க்காத மாதிரி சாப்பிட்டேன்.

நாலு நாள் முன்னே சக்கரபாணி கூப்பிட்டனுப்பி, ஒம் புள்ளைய வரச்சொல்லி எழுது சவுரி, நம்ம பண்ணையில எருக்குழி போட ஆளு வேணும், என்றார். எழுதுகிறேன் என்றேன், எழுதிவிட்டேன், அவர் பேச்சு அதோடு போகட்டும். உன்னைக் கூப்பிடவே கூடாது, நீ அங்கேயாவது நிமிர்ந்து நில் என்று இத்தனை நாள் இருந்தேன். ஆனால் போன வாரம் நாலாவது குழி தோண்டக் குனிந்தவன் நிமிர முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், உன் அம்மா வந்து தூக்கினாள். அந்த இரண்டாவது ஏக்கர் என்னால் ஆகாது அந்தோணி. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தோணியார் உனக்குத் துணை நிற்கட்டும், உடம்பில் சளி இல்லாமல் வைக்கட்டும். கம்பளியை விற்றுவிடாதே. வருவதானால் தோட்டத்தில் குழி புரட்டுகிற அந்தப் பல் வைத்த இரும்பு முள்ளு இரண்டு கொண்டு வா. ஒன்று போதாது, எதிர்ப்பக்கம் நானும் நின்று முடிந்தவரை புரட்டுவேன்.

இப்படிக்கு
உன் அப்பன்
சவுரிராயன்